வக்கீல், அமைச்சர், நீதிபதி: வி.ஆர். கிருஷ்ணய்யரின் பாதையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அரசியலில் இருந்த ஒரு வழக்கறிஞரை நீதிபதியாக்கலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அவ்வப்போது தலைதூக்குகிறது. அப்போதெல்லாம் இரு தரப்பாரும் ஒரே பெயரைத்தான் எடுக்கிறார்கள்: கேரளத்தில் அமைச்சராக இருந்து பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆதரிப்பவர்கள், "கிருஷ்ணய்யர் வரவில்லையா?" என்று கேட்பார்கள். எதிர்ப்பவர்கள், "எல்லாரும் கிருஷ்ணய்யர் ஆகிவிடுவார்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பணிவாழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. எங்கே சந்தேகம் எழுந்தது, அந்தச் சந்தேகம் பலித்ததா, யாரும் சந்தேகிக்காத இடத்தில் என்ன நடந்தது என்ற மூன்றையும் கால வரிசையில் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

பொது வாழ்வில் இருந்தவர்களின் பெயர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். வழக்காடியவர்கள், கைதிகள், சிறை ஊழியர்கள் ஆகியோரின் பெயர்கள் சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருந்தாலும் இங்கே தவிர்த்திருக்கிறேன். அவர்கள் நிலை என்ன என்பதுதான் இந்த ஆய்வுக்குத் தேவை.

பின்னணி: தலச்சேரி

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணய்யர். தந்தையும் வக்கீல். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்து முடித்து, 1938-இல் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே மேல்முறையீடு என்றால் கட்சிக்காரர் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத குடியானவருக்குத் தலச்சேரி நீதிமன்றமே கடைசி நீதிமன்றம்.

வெளியூர் நீதிமன்றத்தில் தொழில் செய்பவருக்கும் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற வக்கீலின் மேசைக்கு வழக்கு காகிதக் கட்டாகத்தான் வந்து சேர்கிறது. மாவட்ட நீதிமன்ற வக்கீலின் வீட்டுத் திண்ணைக்கோ அது ஆளாகவே வந்துவிடுகிறது. அடிபட்ட உடம்போடும், குத்தகை பாக்கிச் சீட்டோடும், சில நேரங்களில் அழும் பிள்ளையோடும் வருகிறது. மலபாரில் அந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் நிலத்தை உழுத குடியானவர்களும் தொழிற்சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் ஆவர். கிருஷ்ணய்யர் கட்சி உறுப்பினராக இல்லாமலேயே அவர்களின் வழக்குகளை நடத்தினார்.

1948-இல், காவல் நிலையங்களில் விசாரணை என்ற பெயரில் நடந்த சித்திரவதையைக் கண்டித்த அவர், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் சிறைவாசிகளைப் பற்றி எழுதிய நீதிபதிகளில், சிறைக் கதவின் உட்புறத்தைக் கைதியாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் இவர் ஒருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

சட்டமன்றமும் அமைச்சரவையும்: 1952–1965

முதல் பொதுத் தேர்தலில், 1952-இல், கூத்துப்பறம்பு தொகுதியில் சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவானது. 1957-இல் தலச்சேரியிலிருந்து, இம்முறையும் சுயேச்சையாக, ஆனால் கம்யூனிஸ்ட் ஆதரவுடன் வென்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் முதல் அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் உள்ளிட்ட துறைகள் அவரிடம் இருந்தன. ஏழைகளுக்குச் சட்ட உதவி, கைதிகளின் உரிமையை ஏற்கும் சிறைச் சீர்திருத்தம் ஆகியவற்றை அவர் அந்தக் காலத்திலேயே தொடங்கி வைத்தார். அண்டை மாநிலமான சென்னையுடன் நடந்த நதிநீர்ப் பேச்சிலும் அவருக்குப் பங்குண்டு.

அந்த அமைச்சரவை 28 மாதங்கள்கூட நிலைக்கவில்லை. கல்வி மசோதா குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குச் சென்று, 1958-இல் சில பிரிவுகள் குறையுடையவை என்ற பதிலுடன் திரும்பியது. ஆட்சிக்கு எதிராக எழுந்து, விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) என்று பெயர் பெற்ற கிளர்ச்சிக்குப் பின், 1959 ஜூலை 31 அன்று அரசியலமைப்பின் 356-ஆம் பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த ஆட்சிக் காலத்தில் நிறைவேறிய நில உறவு மசோதா பின்னர் சட்டமாகி வந்தபோது, 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதி ரயத்துவாரி (உடைமையாளர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும்) நிலங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றது. தான் இடம்பெற்ற அமைச்சரவையின் சட்டங்கள் நீதிமன்றத்தில் எப்படி உடைகின்றன என்பதை எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

1960 தேர்தல் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. தலச்சேரியில் அவர் 7 வாக்கு வித்தியாசத்தில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்தல் மனு போட்டார். மறு எண்ணிக்கையில் வென்றதாக முடிவாகி, சட்டமன்றம் சென்றார். தேர்தல் வழக்கில் கட்சிக்காரராக நின்ற ஒருவர், 15 ஆண்டுகள் கழித்து நாட்டின் மிகப் பெரிய தேர்தல் வழக்கில் தனி நீதிபதியாக அமர நேர்ந்தது. 1965 தேர்தலில் தோற்ற பின் கட்சி அரசியலை விட்டு, எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத் தொழிலுக்குத் திரும்பினார்.

1968: உயர் நீதிமன்ற நியமனம்

1968 ஜூலையில் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். மாநிலத்தில் அப்போது ஆட்சியில் இருந்தவர் அதே நம்பூதிரிபாட். பழைய முதலமைச்சர், பழைய சட்ட அமைச்சரை நீதிபதியாக்கிவிட்டார் என்ற பேச்சு எழ இது போதும்.

அந்த ஆண்டின் இன்னொரு நிகழ்வையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்தின் வலு புரியும். 1967 நவம்பரில் செய்தியாளர்களிடம் பேசிய நம்பூதிரிபாட், நீதிபதிகள் வர்க்கச் சார்பு உடையவர்கள் என்று கூறினார். அதற்காக அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டு, 1968 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 1970-இல் தண்டனையை உறுதி செய்து, தொகையை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தது. முதலமைச்சரை அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்த நீதிமன்றத்திலேயே, ஐந்து மாதங்களுக்குள் அவருடைய முன்னாள் அமைச்சர் நீதிபதியாகச் சேர்ந்தார். இதைவிடச் சங்கடமான தொடக்கம் ஒரு நீதிபதிக்கு அமைவது கடினம்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சங்கடம் ஒளிவுமறைவின்றி இருந்தது. அவர் யாருடைய அமைச்சரவையில் இருந்தார், எந்தத் தேர்தலில் யாரால் ஆதரிக்கப்பட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் அவரது தீர்ப்புரையை வாசிக்கும்போது எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தே வாசிப்பார். கட்சிச் சீட்டு வாங்காமல், மேடை ஏறாமல், ஆனால் ஒரு பக்கத்துக்கு அணுக்கமாகவே இருந்து பதவிக்கு வருபவரிடம் இந்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை.

1973: உச்ச நீதிமன்றமும் எதிர்ப்பும்

1971 முதல் மத்திய சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். ஏழைகளுக்கான சட்ட உதவியை ஆராய்ந்த மத்தியக் குழுவுக்குத் தலைவராகி, 1973-இல் அறிக்கை அளித்தார். அதே ஆண்டு ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அந்த நேரம் மோசமான நேரம். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு ஏப்ரல் 24 அன்று வந்தது. அடுத்த ஓரிரு நாட்களில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நீதிபதியின் சமூகக் கண்ணோட்டத்தையும் அரசு கருத்தில் கொள்ளலாம் என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டவர், சென்னை மாநிலத்தின் முன்னாள் அட்வகேட் ஜெனரலும் முன்னாள் கம்யூனிஸ்டுமான மோகன் குமாரமங்கலம். அவர் மே 31 விமான விபத்தில் இறந்துபோனார். ஆனால் அவர் சொன்ன அளவுகோலின்படி பொறுக்கி எடுக்கப்பட்டவர்தான் கிருஷ்ணய்யர் என்று பலர் கருதினார்கள். மும்பை வழக்கறிஞர்களில் ஒரு பகுதியினர் நியமனத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

எதிர்ப்பின் சாரம் இதுதான்: அரசுக்கு இணக்கமானவரைத்தான் அரசு கொண்டுவருகிறது, நெருக்கடி வரும் நாளில் அவர் அரசின் பக்கம் சாய்வார். அந்த நாள் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

1975 ஜூன்: ஒரு தடையாணை

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் 1971-இல் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்றும், ஆறு ஆண்டுகளுக்கு அவர் தகுதி இழக்கிறார் என்றும் தீர்ப்பளித்தார். அரசு ஊழியரின் உதவியைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதும், மேடை அமைக்க மாநில அதிகாரிகளை ஈடுபடுத்தியதும் முறைகேடுகளாக முடிவாயின. மேல்முறையீட்டுக்காக 20 நாள் அவகாசத்தையும் அந்த நீதிமன்றமே தந்தது. உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக் கால நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ணய்யர்.

மனு வருவதற்கு முன், மத்தியச் சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் சந்திக்க விரும்பியதாகக் கிருஷ்ணய்யரே பின்னாளில் கூறியிருக்கிறார். எதற்காக என்று கேட்டதும் விஷயம் வெளிவந்தது. மேல்முறையீடு என்றால் நீதிமன்றப் பதிவகத்தில் தாக்கல் செய்யுங்கள், சந்திப்புக்குத் தேவையில்லை என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார். அரசியலில் இருந்ததால்தான் அந்த அழைப்பே வந்தது என்று சொல்லலாம். அரசியலில் இருந்ததால்தான் அத்தகைய அழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முதல் வாக்கியத்திலேயே அவர் புரிந்துகொண்டார் என்றும் சொல்லலாம். இரண்டாவதை நான் அதிகம் நம்புகிறேன்.

ஜூன் 23 அன்று வாதங்கள் கேட்கப்பட்டன. இந்திரா காந்திக்காக நானி பல்கிவாலாவும், எதிர்த்தரப்பான ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷணும் வாதாடினார்கள். நிபந்தனையற்ற முழுத் தடை வேண்டும் என்பது பல்கிவாலாவின் கோரிக்கை. தடையே கூடாது என்பது எதிர்த்தரப்பு.

மறுநாள் வந்த உத்தரவு நிபந்தனையுடன் கூடிய தடை. நாடாளுமன்ற உறுப்பினரின் தேர்தல் செல்லாது என்றாகி மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்றங்கள் வழக்கமாக எதைத் தந்துவந்தனவோ, அதையே தந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம், அவைக்குச் செல்லலாம். உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ முடியாது. பிரதமர் என்ற முறையில் இரு அவைகளிலும் பேசும் உரிமை அரசியலமைப்பின் 88-ஆம் பிரிவின்படி அமைச்சர்கள் எல்லாருக்கும் இருப்பது. அதைத் தடை உத்தரவு தொடவில்லை. பிரதமர் பதவியில் தொடர்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

இந்த முடிவுக்கு அவர் தந்த காரணத்தை எளிமையாகச் சொல்வதென்றால், மனுதாரர் பிரதமர் என்பதற்காக நிவாரணத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சட்டம் கடுமையாக இருந்தால் அதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். அரசுக்கு வேண்டியவர் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் எதிர்க்கப்பட்டவர், அரசு கேட்டதைத் தரவில்லை. அதே சமயம், எதிர்க்கட்சிகள் கேட்டதையும் தரவில்லை. இரு தரப்பும் அந்த உத்தரவைத் தங்களுக்குச் சாதகமாகப் படிக்க முயன்றன என்பதே அது எங்கே நின்றது என்பதைக் காட்டுகிறது.

அடுத்த நாள் ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. பல்கிவாலா வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு வெளியே வைத்த 39-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் வந்தது. நவம்பர் 7 அன்று ஐவர் அமர்வு, அந்தத் திருத்தத்தின் ஒரு கூறைச் செல்லாது என்று நீக்கியபோதும், திருத்திய தேர்தல் சட்டத்தின் அடிப்படையில் இந்திரா காந்தியின் வெற்றியை உறுதி செய்தது. அந்த அமர்வில் கிருஷ்ணய்யர் இல்லை. சட்டவிரோதக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுக்களை முடக்கிய 1976 ஏப்ரல் தீர்ப்பை வழங்கிய அமர்விலும் அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பது இந்த ஆய்வின் வேலை அன்று.

நிபந்தனையுடன் கூடிய அந்தத் தடைக்குப் பதில் முழுத் தடை கிடைத்திருந்தால் நெருக்கடிநிலையே வந்திராது என்று சிலர் எழுதுவதுண்டு. ஒரு நீதிபதி தன் உத்தரவின் அரசியல் பின்விளைவைக் கணக்கிட்டு அதை வளைத்திருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? 1973-இல் அவரை எதிர்த்தவர்கள் அஞ்சியது எதை என்பதை இப்படி எழுதுபவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1978–1980: கடிதமும் கொத்தனாரும்

அவருடைய பெயர் இன்று கீழ்நிலை நீதிமன்றங்களில் உச்சரிக்கப்படுவது 1975 உத்தரவுக்காக அன்று, ஜாமீனுக்காகவும் சிறைக்காகவும்தான்.

1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தாயிற்று. ஆனால் தலைமைக் குற்றவியல் நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரின் அண்ணனோ தம்பியோ பிணை நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதைக் காரணம் காட்டி ஏற்க மறுத்தார். உத்தரவு கையில் இருந்தும் ஆள் உள்ளேயே கிடந்தார். தாலுகா நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. உச்ச நீதிமன்றத்துக்கு அது எட்டுவதுதான் புதிது. கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவிக்கச் சொன்னார். வேறு மாவட்டத்துச் சொத்து என்ற காரணத்தை அவர் விடவில்லை. ஒரு மலையாளியோ தமிழரோ கன்னடரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று தீர்ப்புரையிலேயே கேட்டார். நாட்டின் ஒரு பகுதி மக்களை இன்னொரு பகுதியில் அந்நியராக நடத்துவது அது என்றார்.

அடுத்தது, திகார் சிறையிலிருந்து வந்த கடிதம். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி ஏற்கெனவே தனிமைச் சிறைக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தார். மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும் வரை ஒருவரை மரண தண்டனைக் கைதி என்று தனியே பூட்டி வைக்க முடியாது என்ற நிலை 1978 ஆகஸ்டில் ஐவர் அமர்வின் தீர்ப்பால் உறுதியானது. அதே கைதி 1979-இல் தனக்காக அன்றி, சக கைதி ஒருவருக்காக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பார்வையாளர்களிடமிருந்து பணம் கறக்கத் தலைமை வார்டர் ஒருவர் அந்தக் கைதியைக் கொடுமைப்படுத்தி, ஆசனவாயில் தடியால் படுகாயம் ஏற்படுத்தினார் என்பது புகார்.

முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை, பாதிக்கப்பட்டவரின் கையெழுத்தும் இல்லை. அதை ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். நீதிமன்றத்துக்கு உதவ இரு வழக்கறிஞர்களை நியமித்து, சிறைக்குச் சென்று கைதியையும் சாட்சிகளையும் பார்க்க அனுமதித்தது. அவர்கள் கொண்டுவந்த அறிக்கை புகாரை உறுதி செய்தது. மூலநோயால் வந்த காயம், தானே ஏற்படுத்திக்கொண்டது என்றெல்லாம் சிறைத் தரப்பு சொன்ன கதைகள் நிற்கவில்லை.

1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் எதிர்காலத்துக்கான கட்டளைகள் வரிசையாக வந்தன. நீதிமன்றங்கள் நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளைத் தனியாகச் சந்திக்கலாம். புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும். அவற்றைத் திறப்பது சிறை அதிகாரி அல்லர். மாவட்ட நீதித்துறையினர் சிறைக்கு நேரில் செல்ல வேண்டும். தனிமைச் சிறை, கடின வேலை, உணவு மறுப்பு போன்ற கூடுதல் தண்டனைகளுக்கு மாவட்ட அமர்வு நீதிபதியின் மதிப்பீடு தேவை. சிறைத் துறை அமைச்சராக இருந்தவருக்கு, கட்டளை தாளிலேயே நின்றுவிடும் வழிகள் எல்லாம் தெரியும். பெட்டியின் சாவி யாரிடம் என்பதுவரை அவர் எழுதியது அதனால்தான் என்று கருதுகிறேன். எழுதியும் பல சிறைகளில் அது தாளிலேயே நின்றது என்பது வேறு செய்தி.

1980-இல் இன்னொரு விசாரணைக் கைதி தந்தியடித்தார்; கைவிலங்கு வழக்கமாக இருக்கக் கூடாது, விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு அதிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு ரத்லம் நகராட்சி, சாக்கடை கட்டப் பணம் இல்லை என்றது. அரசுக் கோப்புகளில் அந்தக் காரணத்தை எத்தனை முறை பார்த்திருப்பாரோ. பணமின்மை சட்டக் கடமையிலிருந்து தப்பிக்க வழியாகாது என்று மறுத்தார்.

நிலைக்காதவை

இனி கடினமான பகுதி. சந்தேகித்தவர்கள் கட்சிச் சார்பைத் தேடினார்கள், அது கிடைக்கவில்லை. அவர்கள் தேடாத ஒன்று இருந்தது. ஒரு வழக்கைத் தீர்க்கும் இடத்தில் ஒரு துறையையே தீர்த்துவிடும் அவசரம், சட்டமன்றத்திலிருந்து அவரோடு கூடவே வந்த பழக்கம்.

1977-இல் கர்நாடகத் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்ட வழக்கில் ஏழு நீதிபதிகள் சட்டத்தை உறுதி செய்தார்கள். அந்த முடிவோடு வழக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் கிருஷ்ணய்யர், மூன்று நீதிபதிகளுக்காக எழுதிய தனித் தீர்ப்புரையில், பொது நன்மைக்காகப் பகிரப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 39(ஆ) பிரிவு சொல்லும் சமுதாயத்தின் பொருள் வளங்களில் தனியார் சொத்தும் அடங்கும் என்று விரித்தார். மற்ற நால்வர் அந்தப் பகுதியோடு உடன்படவில்லை என்று அப்போதே எழுதி வைத்தார்கள். 1982-இல் வேறோர் அமர்வு அந்தச் சிறுபான்மைக் கருத்தைச் சட்டமாக ஏற்றது. 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, எல்லாத் தனியார் சொத்தும் அந்தப் பிரிவுக்குள் வராது என்று கூறி அதைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பில் கிருஷ்ணய்யரைப் பற்றி வந்த விமர்சனம் கடுமையானது என்று அதே அமர்வின் இரு நீதிபதிகள் ஆட்சேபித்தார்கள். விமர்சனத்தின் தொனி பற்றிய அவர்கள் ஆட்சேபணை நியாயம். ஆனால் வழக்குக்குத் தேவைப்படாத அளவு விரிந்த ஒரு கருத்தின் பிரச்சினை தொனியில் இல்லை.

1978-இல் பெங்களூர் நீர் வழங்கல் வாரிய வழக்கில் தொழில் என்பதற்கு அவர் தந்த பரந்த வரையறை மருத்துவமனை, பல்கலைக்கழகம், சங்கம் என்று எல்லாவற்றையும் தொழிலாளர் சட்டத்துக்குள் இழுத்தது. தொழிலாளருக்கு அது பெரும் காப்பு; அதை மறுக்க முடியாது. ஆனால் 1982-இல் நாடாளுமன்றம் மாற்று வரையறை இயற்றியும் அரசு அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. 2017-இல் கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மரண தண்டனையைப் பெரிதும் சுருக்கிய அவருடைய 1979 தீர்ப்பை, அவர் பதவியில் இருந்தபோதே, 1980 மே மாதத்தில் ஐவர் அமர்வு ஏற்க மறுத்தது.

சிறை, ஜாமீன் தீர்ப்புகள் நின்றதற்கும் இவை ஆட்டம் கண்டதற்கும் உள்ள வேறுபாடு கருணையின் அளவில் இல்லை. கொத்தனாரின் வழக்கில் அவர் முன்னே ஒரு மனிதரும் ஒரு தொகையும் ஒரு மாவட்ட எல்லையும் இருந்தன. அங்கிருந்து விதி பிறந்தது. பேருந்து வழக்கில் விதி முதலில் இருந்தது; பேருந்து பிறகு வந்தது. தலச்சேரி வக்கீல் எழுதியவை நிலைத்தன, அமைச்சர் எழுதியவை திருத்தப்பட்டன என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

மொழியும் ஒரு தடை. அவருடைய ஆங்கிலம் அணி மிகுந்தது, நீளமானது. சிறைக் கண்காணிப்பாளரும் மாவட்ட நடுவரும் படித்து அன்றே செய்ய வேண்டிய கட்டளைகளுக்கு அது ஏற்ற நடை இல்லை.

ஓய்வும் அதற்குப் பிறகும்

1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். கொச்சி இல்லத்தில் மனுக்களோடு வருவோரைச் சந்திப்பதையும், பொதுப் பிரச்சினைகளில் எழுதுவதையும் நிறுத்தவில்லை. 1987-இல் இடதுசாரிகளும் வேறு எதிர்க்கட்சிகளும் அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிறுத்தின. எதிரே நின்றவர் ஆர். வெங்கட்ராமன், அவரும் சென்னை மாகாணத்தின் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர். வெங்கட்ராமன் 7,40,148 மதிப்புள்ள வாக்குகள் பெற்றார். கிருஷ்ணய்யருக்குக் கிடைத்தவை 2,81,550.

ஓய்வுக்கும் தேர்தலுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் இருந்தன என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அஸ்ஸாமைச் சேர்ந்த பஹருல் இஸ்லாம், காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து உயர் நீதிமன்றம் சென்று, ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்து, 1983 ஜனவரியில் பதவி விலகி நேரே தேர்தல் களத்துக்குத் திரும்பினார். இரண்டையும் ஒன்றாக எடைபோட முடியாது. ஆயினும் கிருஷ்ணய்யர் 1987-இல் நிற்காமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. வெல்ல வாய்ப்பில்லாத அந்தப் போட்டி, அவருடைய பழைய தீர்ப்புகளை மீண்டும் கட்சிக் கண்ணாடியில் பார்க்க எதிரிகளுக்கு ஒரு சாக்கைக் கொடுத்தது. 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் காலமானார்.

விளைவில் சில சட்டமாகவே நிற்கின்றன. 1976-இல் அரசியலமைப்பில் சேர்ந்த இலவசச் சட்ட உதவிக்கான 39அ பிரிவுக்கும், 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துக்கும் முன்னோடியாக அமைந்தவற்றில் அவருடைய 1973 குழு அறிக்கையும் ஒன்று. கைவிலங்குத் தீர்ப்போ பின்னடைந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, குறிப்பிட்ட குற்றங்களில் கைவிலங்கிடக் காவல்துறைக்கு அனுமதி தருகிறது.

மாற்ற வேண்டியவை

இந்தப் பணிவாழ்வை வைத்து மூன்று மாற்றங்களைப் பரிந்துரைக்கலாம். நியமனத்தின்போது, வேட்பாளரின் கட்சித் தொடர்புகளோடு அவர் நடத்திய வழக்குகளின் வகையும் நியமனக் குறிப்பில் வெளியாக வேண்டும். கிருஷ்ணய்யர் விஷயத்தில் முன்னதைவிடப் பின்னதே அவர் எப்படித் தீர்ப்பெழுதுவார் என்பதைச் சரியாகக் காட்டியது. பதவி முடிந்து தேர்தலில் நிற்கவோ அரசுப் பதவி ஏற்கவோ சட்டப்படியான இடைவெளி ஒன்று தேவை. இன்று அப்படி எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 124(7) பிரிவு ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வழக்காடுவதைத்தான் தடுக்கிறது. மூன்றாவது, நியமிக்கப்பட்டவர் சார்பில் அன்று, நீதிமன்றத்தின் சார்பில்: பல நீதிபதிகள் அமரும் வழக்கில், முடிவுக்குத் தேவையில்லாத கேள்வியில் ஒரு சிறுபான்மை எழுதிய கருத்தைப் பிந்தைய அமர்வு ஏற்கும் முன், பெரும்பான்மை அதைப் பற்றி என்ன சொன்னது என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். 1982-இல் அது நடந்திருந்தால் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்திராது.

2023 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கான ஒரு நியமனத்தை அரசியல் பின்னணியைக் காரணம் காட்டி எதிர்த்த மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தகுதி வேறு, பொருத்தம் வேறு. பொருத்தத்தை நீதிமன்றம் ஆராயாது என்று அது தள்ளுபடியானது. பொருத்தத்தை நீதிமன்ற அரங்கில் ஆராய முடியாது என்றால், நியமனத்துக்கு முன், நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் அதை எந்தத் தகவல்களை வைத்து ஆராய்ந்தது என்பது வெளியே தெரிய வேண்டும். அந்தத் தகவல்கள் இன்றும் முழுமையாக வெளியாவதில்லை.